பொரளைச் சந்தியில் நான் இல்லை

கொழும்பு பொரளைச் சந்தியில் சிவப்பு லைட் விழுந்த பிறகும் நிற்காமல் போயிருக்கிறது என் கார். அந்த நேரம் நான் மாத்தளையில், வீட்டு முற்றத்தில் பாய் விரித்து மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்திருப்பேன்; அல்லது மழை இருட்டுகிறதென்று அள்ளிக்கொண்டிருந்திருப்பேன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் மருமகளின் ஒன்றுவிட்ட தம்பி. ஸ்காபரோவிலிருந்து விடுமுறைக்கு வந்தவன். ஓய்வூதியத்துக்குத் துணையாக இருக்கட்டும் என்று லீசிங்கில் எடுத்த சின்ன வாகனம் அது. தெரிந்தவர்களுக்கு நாள் வாடகைக்குக் கொடுப்பதுண்டு. சொந்தமென்றாலும் வாடகை வாடகைதான் என்று காசை என் கையில் திணித்துவிட்டுத்தான் பையன் சாவியை வாங்கினான். அவன் கனடா போய் வேலைக்கும் திரும்பிய பிறகு அறிவித்தல் என் வாசலுக்கு வந்தது.

இந்த ஏற்பாடு புதியது. 2024 ஜனவரி 22 முதல் கொழும்பு நகரில் சிசிடிவி கமரா வழியாகப் போக்குவரத்துக் குற்றங்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். அதுவரை, சந்தியில் நிற்கும் பொலிஸ்காரர் கையைக் காட்டுவார், சாரதி இறங்குவார், இருவரும் முகத்துக்கு முகம் பேசுவார்கள். கமராவுக்கு முகம் தேவையில்லை. அது இலக்கத் தகட்டைப் படிக்கிறது. தகட்டிலிருந்து பதிவு, பதிவிலிருந்து பெயர், பெயரிலிருந்து ஊர். அந்த ஊர்ப் பொலிஸ் நிலையத்தின் வழியாக உரிமையாளரிடம் கடிதம் வந்து சேரும். பொரளையில் நடந்தது மாத்தளையில் வந்து கதவைத் தட்டும்.

கொண்டுவந்த கொன்ஸ்தாபல் மரியாதையான பிள்ளை. “சேர் கொழும்பு போனதா?” என்று அரைத் தமிழில் கேட்டார். இல்லை என்றேன். “அப்ப ஓட்டினது யார்? அதைச் சொல்லோணும்” என்றார். நல்ல கேள்வி. முப்பது வருடத்துக்கு மேல் உயர்தர வகுப்புக்கு இந்து நாகரிகம் படிப்பித்தவனுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. வினை செய்தவன் யார், அனுபவிப்பவன் யார் என்பது பரீட்சைத் தாளில் அடிக்கடி வந்து போகிற கேள்விதான். வாசலில் வந்து நின்று கேட்டதில்லை, அவ்வளவே.

அவர் போன கையோடு தீர்ப்புகள் வரத் தொடங்கின. “ஒங்களுக்கு ஏழரை நடக்குதுன்னு அப்பவே சொன்னேன்ல” என்றாள் மனைவி. முன்வீட்டுச் சிங்களப் பெரியவர் வேலிக்கு மேலால் கேட்டுவிட்டு, “கர்மே, மாஸ்டர், கர்மே” என்று தலையை ஆட்டினார். கோயில் பக்கம் போனால் ஒருவர், “எந்தப் பிறவிக் கடனோ, பணத்தோட போச்சேன்னு சந்தோசப்படுங்க” என்றார். மூவரும் என் நன்மை விரும்பிகள். மூவருக்கும் நான் அன்று பொரளையில் இல்லை என்று தெரியும். தெரிந்தும், தண்டம் யாரிடம் வந்ததோ அவரிடம் ஏதோ ஒரு கணக்குப் பாக்கி இருக்கத்தான் வேண்டும் என்பதில் மூவருக்கும் ஐயமில்லை. சைவமும் பௌத்தமும் சோதிடமும் இவ்வளவு ஒற்றுமையாக ஓரிடத்தில் கூடி நான் பார்த்ததில்லை.

இதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். வினைக் கொள்கையை அல்ல. அதைப் பின்பக்கமாகப் படிக்கும் பழக்கத்தை.

எங்கள் பாடசாலையில் அளவையியல் படிப்பித்த நண்பர் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்வார்: மழை பெய்தால் முற்றம் நனையும், முற்றம் நனைந்திருப்பதைப் பார்த்து மழை பெய்தது என்று எழுதினால் பூச்சியம். செய்தவன் அனுபவிப்பான் என்பது ஒரு கூற்று. அனுபவிக்கிறவன் செய்தவன் என்பது வேறொரு கூற்று. முதலாவதை நூல்கள் சொல்கின்றன. இரண்டாவதைச் சொல்வது நாம். என் பெயருக்கு வந்த இந்தக் கடிதம் இரண்டாவது கூற்றைப் பொய்யாக்கிக் காட்டியது. அனுபவிப்பவன் இங்கே இருக்கிறான். செய்தவன் ஸ்காபரோவில் இருக்கிறான்.

பெரியபுராணத்தில் சாக்கிய நாயனார் வருகிறார். சைவராய்ப் பிறந்து காஞ்சி சென்று பௌத்தத்தில் சேர்ந்து, பின் சிவனே பொருள் என்று தெளிந்தவர். தெளிந்த பிறகும் பௌத்த உடையைக் களையவில்லை. இலிங்கத்தின் மேல் பூவுக்குப் பதிலாகக் கல்லை எறிந்து வழிபட்டார். பிள்ளைகளுக்குப் பிடித்த கதை, கல் எறிவதால். ஆனால் அவர் எப்படித் தெளிந்தார் என்று சேக்கிழார் சொல்லும் இடம்தான் முக்கியம். ஒரு செயல் இருக்கிறது, அதைச் செய்தவன் இருக்கிறான், அதன் விளைவு இருக்கிறது. இந்த மூன்றோடு, விளைவை உரியவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் நாலாவது ஒருவனும் வேண்டும். வினை அறிவற்றது என்பது சித்தாந்தத்தின் நிலைப்பாடு. அதற்குக் கண்ணில்லை, தன்னைச் செய்தவனைத் தேடிப் போக அதனால் முடியாது. ஆகவே எல்லாம் அறிந்த ஒருவன் இடையில் நின்று அதைச் சேர்ப்பிக்கிறான். பௌத்தர்கள் இந்த நாலாமவனை ஒப்புக்கொள்வதில்லை. விதை முளைக்க யாரும் உத்தரவிட வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். யார் சரி என்று இங்கே தீர்க்கப்போவதில்லை. நான் கவனிப்பது வேறொன்று. சித்தாந்தம் நாலாமவனை நிறுவியதே, பெயரைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கும் ஒரு கண் வேண்டும் என்பதற்காகத்தான். அந்தக் கண் நமக்கு இல்லை. நம்மிடம் இருப்பது இலக்கத் தகடு மட்டும். சிவனுக்கென்று ஒதுக்கிய வேலையை வேலிக்கு மேலால் நின்று நாம் பார்க்கத் தொடங்கினால், சாக்கியர் எறிந்த கல்லுக்கு இருந்த மரியாதைகூட அதற்கு இருக்காது.

இந்த இடத்தில் ஓர் உவமை எல்லாருக்கும் நாக்கு நுனியில் வரும்: உடம்பு வாடகை வாகனம், உயிர் அதை எடுத்து ஓட்டுகிறது. சொற்பொழிவில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். சித்தாந்தப்படி உடம்பு, கருவி, உலகம், நுகர்ச்சி எல்லாம் இறைவன் உயிருக்குத் தந்தவைதாம். ஆனால் அங்கே அறிவித்தல் ஒருபோதும் உரிமையாளருக்குப் போவதில்லை, ஓட்டியவனுக்கே போகிறது. கொழும்புக் கமரா செய்வது நேர் எதிர். என் வாகனப் பதிவுப் புத்தகத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தவணை முடியும்வரை முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனியின் பெயர்தான் இருக்கும். நான் பதிவு பெற்ற உரிமையாளன் மட்டும். அறிவித்தல் அந்த முழு முதலிடம் போகவில்லை. இடையில் நிற்கும் என்னிடம் நின்றுவிட்டது.

மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே சற்றுப் போனால் அலுவிகாரை. கி.மு. முதல் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், போரும் பஞ்சமும் பிக்குகளைக் கொன்றுகொண்டிருந்தபோது, மனப்பாடத்திலேயே இருந்த திரிபிடகத்தை ஓலையில் எழுதி வைத்த இடம் என்று அதைச் சொல்வார்கள். அந்தப் பிடகத்தில் புத்தர் கூறுவது, எண்ணத்தையே நான் வினை என்கிறேன் என்னும் பொருள்பட. சமணரோடு இதுபற்றிப் பெரிய வாதமும் உண்டு: உடம்பால் செய்ததே கனம் என்று அவர்கள் வாதாட, மனத்தால் நினைத்ததே கனம் என்று புத்தர் நிற்கிறார். அது நடந்த இடம் நாலந்தா. நம் மாவட்டத்து நாலந்தா அல்ல, இந்தியாவினது. ஆனால் நம் நாலந்தாவிலும் இந்துக் கோயில் சாயலில் கட்டிய பௌத்தக் கற்றளி நிற்பதால், வாதத்தை அங்கே வைத்து நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி.

இவ்வளவு நுட்பமான கருத்து ஓலையேறிய அதே அலுவிகாரையின் குகையில் நரகக் காட்சிகள் இருக்கின்றன. ஒருவனை அறுக்கிறார்கள், ஒருவனைக் குத்துகிறார்கள், நிறமெல்லாம் சிவப்பு. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனால் அங்கிருந்து கிளப்ப முடியாது. அவர்கள் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: “சேர், இந்தாளு என்ன செஞ்சாரு?” தண்டனை கண்முன்னே இருக்கிறது, குற்றத்தை நாமே கற்பனை செய்து நிரப்பிக்கொள்கிறோம். எண்ணத்தைப் படமாக வரைய முடியாது, வதையை வரையலாம். கொழும்புக் கமராவுக்கும் இதே சங்கடம். சிவப்பில் போன வாகனத்தைப் பிடிக்கும். பிரேக் பிடிக்காமல் போனவனா, அம்புலன்ஸுக்கு வழிவிட்டவனா, அவசரக்காரனா என்பது படத்தில் விழாது.

எண்ணம் இல்லாமல் நேர்ந்தால் பொறுப்பும் இல்லையா? இதற்கு நம் நாட்டிலேயே பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு, இரண்டும் எல்லாள மன்னனுடையவை. முதலாவது எல்லாருக்கும் தெரியும். அரசனின் ஒரே மகன் தேரில் திஸ்ஸவாவிக்குப் போகையில், தாய்ப்பசுவோடு பாதையில் படுத்திருந்த கன்றின் கழுத்தில் சக்கரம் ஏறியது. பசு ஆராய்ச்சி மணியை இழுத்தது. அதே சக்கரத்தால் மகனின் தலையைத் துண்டிக்க வைத்தான் அரசன். திருவாரூரில் மனுநீதிச் சோழன் மீதும் இதே கதையைச் சேக்கிழார் பாடியிருக்கிறார்.

இரண்டாவது வழக்கைத் தமிழர்கள் அதிகம் சொல்வதில்லை. பிக்குகளை அழைப்பதற்காக எல்லாளன் சேத்தியமலைக்கு, இன்றைய மிகிந்தலைக்கு, தேரில் போனான். தேரின் நுகம் இடித்துத் தூபி ஒன்று சேதமானது. அமைச்சர்கள் சொன்னார்கள், உங்களால் எங்கள் தூபி உடைந்தது என்று. வேண்டுமென்று செய்ததல்ல என்று மகாவம்சமே எழுதுகிறது. ஆனாலும் அரசன் இறங்கி, பாதையில் படுத்து, இந்தச் சக்கரத்தால் என் தலையையும் அறுங்கள் என்றான். அவர்கள் மறுத்தார்கள்: எங்கள் ஆசான் பிறரைத் துன்புறுத்துவதை விரும்புவதில்லை, தூபியைத் திருத்திக் கொடுங்கள், போதும். பெயர்ந்த கற்கள் 15. அவற்றை மீண்டும் பதிக்க 15,000 கஹாபணம் செலவிட்டான். எல்லாளனைக் கொன்ற துட்டகைமுனுவின் புகழ் பாடவந்த நூல், எதிரியான தமிழ் அரசனைப் பற்றி இதைக் குறித்து வைத்திருக்கிறது.

அந்த அமைச்சர்களின் நிதானம் எனக்கு மகன் தலை விழுந்த கதையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. சேதம் உன்னால் நேர்ந்தது, ஆகவே திருத்து. நீ பாவி என்று அர்த்தமில்லை, ஆகவே தலையை வைத்துக்கொள். கட்டுவது ஒன்று, குற்றவாளியாவது இன்னொன்று. ஒரு கல்லுக்கு ஆயிரம் என்பது கொஞ்சம் தாராளந்தான். அரசனல்லவா.

கனடாக்காரர்கள் இதையே சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பையனோடு பேசும்போது தெரிந்துகொண்டேன். “மாமா, எங்கட பக்கம் கார் நம்பருக்குத்தான் டிக்கெட் வரும், ஆர் ஓடினதெண்டு கேக்கவே மாட்டினம்” என்றான். ஒன்ராறியோவில் 2000ஆம் ஆண்டிலிருந்தே சிவப்பு லைட் கமராக்கள் இருக்கின்றன. உரிமையாளருக்கு 325 டொலர் வரும், மேல் கட்டணங்களும் சேர்த்து. ஆனால் அவருடைய சாரதிப் பத்திரத்தில் குறைப்புப் புள்ளி எதுவும் விழாது. அதே சந்தியில் அதே சிவப்பில் பொலிஸ்காரர் நேரில் மறித்துப் பிடித்தால் ஓட்டியவருக்கு மூன்று புள்ளி. பணம் தகட்டைத் தொடர்ந்து போகலாம். புள்ளி ஆளைத் தவிர எவரையும் தொடக்கூடாது. அந்தச் சட்டத்தை எழுதியவர் சித்தாந்தமும் படித்திருக்க மாட்டார், அபிதம்மமும் படித்திருக்க மாட்டார். எங்கள் மூன்று தீர்ப்பாளர்களைவிடத் தெளிவாக யோசித்திருக்கிறார்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு சூடு என்று மனைவி கேட்டாள். ஏனென்றால் இந்தப் பேச்சு சின்ன விஷயத்தோடு நிற்பதில்லை. என் பாட்டனார் வழி, மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். கோப்பிக் காலத்தில் தொடங்கிய அந்த நடையில் வழியிலேயே போனவர்கள் எத்தனையோ. வந்து சேர்ந்தவர்களின் கழுத்தில் கங்காணியின் முன்பணக் கடன். பிறகு ‘துண்டு’ வந்தது: இந்த ஆட்களின் கடனை அடைத்தால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதித் தரும் தாள். ஆள் தோட்டம் மாறினால் கடனும் கூடவே மாறும். ஓடிப்போனவன் கடனும் செத்தவன் கடனும் மிஞ்சியவர் தலையில் ஏறிய கதைகளைப் பாட்டி சொல்வாள். 1921இல்தான் துண்டு முறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள். வாங்காத கடனைக் கட்டிய அந்தத் தலைமுறைக்கு யாரும் கணக்கைத் திருத்திக் காட்டவில்லை. “போன சென்மத்துல செஞ்சது” என்று சொல்லிக்கொடுத்தார்கள். கங்காணிக்கு அதைவிட வசதியான தத்துவம் உண்டா?

1983 ஜூலையில் மாத்தளையில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும் கோயில் அது. அம்மனுக்கு என்ன முன்வினை? ஆனால் சாம்பலைக் கூட்டி அள்ளிய சில மாதங்களில், “நாம செஞ்ச பாவம்” என்று நம்மவர்களே பேசிக்கொண்டதை என் காதால் கேட்டேன். கொளுத்தியவன் ஒருவன் இருந்தான், அவனுக்குக் கையும் கண்ணும் இருந்தன என்பது அந்தப் பேச்சில் கரைந்து போயிற்று. அனுபவித்தவனிடமே குற்றத்தைத் தேடும்போது செய்தவனுக்குக் கிடைப்பது விடுதலை. வினைக் கொள்கையின் பெயரால் வினை செய்தவனைத் தப்பவிடுவதைவிட அதற்குப் பெரிய அவமதிப்பு இல்லை.

நம் மரபில் இதை எதிர்த்துக் கேட்டவர் இல்லாமல் இல்லை. பாரதத்தில் ஆணி மாண்டவ்யர். மௌன விரதத்தில் இருந்த முனிவரின் ஆசிரமத்தில் திருடர்கள் பொருளை ஒளித்தார்கள். அரசனின் ஆட்கள் அவரையும் கழுவில் ஏற்றினார்கள். அவர் சாகவில்லை. நேரே தருமதேவதையிடம் போய், நான் என்ன செய்தேன் என்று கேட்டார். சிறுவயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தினாய் என்று பதில் வந்தது. அதாவது காரணம் இருந்தது, கணக்கும் சரிதான். மாண்டவ்யர் அதை ஏற்கவில்லை. அறியாச் சிறுவன் செய்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று தருமதேவதையையே மனிதனாகப் பிறக்கச் சபித்தார். அப்படிப் பிறந்தவர் விதுரர். இனி 14 வயதுவரை செய்தது பாவக் கணக்கில் ஏறாது என்ற விதியையும் அங்கேயே வகுத்தார். விளக்கம் கிடைத்த பிறகும் நியாயம் கேட்கலாம் என்று காட்டிய முனிவரை நாம் கோயில் சொற்பொழிவுகளில் ஏன் இவ்வளவு குறைவாகக் கேட்கிறோம்?

கொன்ஸ்தாபலிடம் பையனின் பெயரை எழுதிக் கொடுத்தேன். ஆள் நாட்டில் இல்லாததால் தண்டத்தை நானே தபாலகத்தில் கட்டினேன். எல்லாளனின் கற்களைப் போல இது என்னளவில் சீராக இருந்தது. வாகனத்தை வாடகைக்கு விட்டு வருமானம் பார்ப்பவன் அதன் சில்லறைத் தொல்லையையும் ஏற்கத்தான் வேண்டும். பையன் பணம் அனுப்ப வங்கி இலக்கம் கேட்டு வட்ஸ்அப்பில் எழுதியிருந்தான். அனுப்பினேன். கூடவே, இத்தனை நாள் இந்த வீட்டில் யாருமே கேட்காத ஒன்றையும் கேட்டேன். உரிமையாளர் யார், சாரதி யார், ஏழரை யாருக்கு என்றுதான் எல்லாரும் பேசினோம். கன்று எங்கே என்று யாரும் பார்க்கவில்லை. அந்தச் சிவப்பு லைட் யாருக்காகப் போட்டதோ அவர்கள், ஆசுபத்திரிப் பக்கம் பாதையைக் கடக்கிறவர்கள். “தம்பி, அந்த நேரம் மஞ்சள் கோட்டில் யாராவது நின்றார்களா?” என்று எழுதினேன்.

மறுநாள் பதில் வந்தது. “ஒரு அம்மா பிள்ளையோட நிண்டவ மாமா. இறங்கேல்ல. நான் பாத்துத்தான் எடுத்தனான்.”

படத்தில் அந்த அம்மா இல்லை. எடுத்துப் பார்த்தேன், கமராவின் சட்டத்துக்கு வெளியே நின்றிருக்க வேண்டும். அவன் பார்த்துத்தான் எடுத்தான் என்பதைப் பொலிஸும் அறியாது, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும் அறியாது. அவனாகச் சொன்னதால் நான் அறிவேன். பணம் வந்து சேர்ந்தது, இரண்டு நாளில். அந்த அம்மாவைப் பற்றி அவனோடு பேசவேண்டியிருக்கிறது. அடுத்த மாசி மகத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். காரையும் கேட்டிருக்கிறான்.